தேக்கில் ஒரு முப்பத்திரண்டு

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் துப்பாக்கி வாங்கப்போவதாகச் சொன்ன அன்றைக்கு நான் சுண்டைக்காயை மோரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். பொறியில் மாட்டிய எலியைக்கூடக் கொல்ல மனசு வராமல் வண்டியில் கொண்டுபோய்ப் பக்கத்து பிளாக்கில் விட்டுவிட்டு வருகிறவர் அவர். அதற்காக அந்த பிளாக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"வீட்ல கொசு பேட் இருக்கே, அது போதாதா?" என்றேன்.

"அவனுங்க ரெண்டு பேருக்கும் பெயில் கிடைச்சிருச்சு உமா," என்றார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் சங்கரன்கோவில்காரர். நிலக்கரிச் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷ சர்வீஸ். பேட்டர்ன் ஷாப்பில் வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய எந்தச் சாமானையும் முதலில் தேக்கு மரத்தில் செய்து தருவது இவர்கள்தான். அந்த மர மாதிரியை மணலில் பதித்து எடுத்து, விழுந்த பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பெரிய பெரிய பல்சக்கரமெல்லாம் ஒரு காலத்தில் இவர் மடியில் மரமாகக் கிடந்தவைதான். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்கு மனப்பாடம். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு பேருமே அளவு எடுக்கிற ஜாதி.

எங்கள் வரிசையில் எட்டு குவார்ட்டர்ஸ். ஐந்து காலி. ஆட்கள் ரிட்டயராகிப் போனதும் யார் யாரோ கதவு ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; வீடுகள் பல் விழுந்த வாயோடு நிற்கின்றன. ஆனால் பலா மரங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவை பாட்டுக்குக் காய்த்துத் தள்ளும். பறிக்க ஆளில்லாமல் பழுத்து, பட்டப்பகலில் தொப்பென்று விழும். யாரோ சுவர் ஏறிக் குதித்தது போலவே இருக்கும். இருபது வருஷம் கேட்ட சத்தம்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது வேறு சத்தமாகிவிட்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி மாசம். அவர் எப்போதும் போலப் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட வந்தார். வெண்டைக்காய் மோர்க்குழம்பு. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். சீக்கிரம் எழுந்துவிடுவார் போலத் தெரிந்தது. "அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருக்கேன், அஞ்சு நிமிஷம் இருங்க," என்றேன். இருந்தார். ஒன்று பத்துக்குக் கிளம்பினார். சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போகிற வழியில், காலி குவார்ட்டர்ஸ் ஒன்றின் சுவரோரமாக ஒரு பையன் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். வயிற்றில் குத்து. பெயர் அருண்பிரசாத், இருபத்து நாலு வயசு, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஊர், கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன். ஏதோ பழைய பகை என்றார்கள். குத்தின இரண்டு பேரும் பைக்கில் ஏறுவதை இவர் பார்த்திருக்கிறார். அதில் ஒருவன் இவரைப் பார்த்துச் சிரித்து, "சாப்டாச்சா சார்?" என்று கேட்டானாம். இவரும் பழக்க தோஷத்தில் "ஆச்சு" என்றாராம்.

போலீஸிடம் இதைத்தான் சொன்னார். என்னிடமும் இதைத்தான் சொன்னார். ஆளை அடையாளம் காட்டினார். வழக்கில் முதல் சாட்சி இவரே. எங்களுக்கு யாரும் மாலை போடவில்லை. ஆனால் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

பெயில் கிடைத்த வாரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. சரியாகப் பன்னிரண்டே முக்கால். இவர் "ஹலோ" என்பார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. மூச்சு மட்டும். பிறகு வைத்துவிடுவார்கள். சுரங்கத்தில் வெடி வைக்கிற நாளில் ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை நடுங்கும். அந்த நடுக்கம் போனிலும் கேட்கும். அப்படியானால் அந்த மூச்சு இங்கேயே, பக்கத்திலேயே எங்கோ நிற்கிறது.

ஒரு மாசம் கழித்து நின்ற இடமும் தெரிந்தது. எதிர் வரிசையில் கதவில்லாத வீட்டு வராந்தா. உள்ளே இருட்டு, வெளியே கண் கூசும் வெயில். அந்த இருட்டில் ஒரு வெள்ளை வேட்டி மட்டும் தெரியும். முகம் தெரியாது. ஒன்றே காலுக்குப் பார்த்தால் வேட்டியும் இருக்காது.

"போலீஸ்ல சொல்லுங்க," என்றேன்.

"அந்தக் கதைய முதல்லேர்ந்து இன்னொரு தரம் சொல்லணும் உமா. என்னால முடியாது." துப்பாக்கிக்கு மனுப்போடத் தெம்பிருக்கிறவருக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கத் தெம்பில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லைசன்ஸ் என்பது கடையில் போய்க் கேட்டு வாங்குவதல்ல. கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட் என்று இழுக்கும். லைசன்ஸ் கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் எந்தத் துப்பாக்கி என்று யோசிக்க யாரும் தடை போடவில்லையே. ஜெயராமன் வந்துவிட்டார். மிலிட்டரியிலிருந்து வந்து பேங்க் வாசலில் காவலுக்கு நிற்பவர். எங்கள் டைனிங் டேபிளில் காபி டம்ளர்களை நகர்த்தி நகர்த்திப் பாடம் நடத்தினார்.

"போலீஸ் வச்சிருக்கற ஒம்பது எம்எம் நமக்குக் கிடையாது சார். குழல் அளவு முப்பத்திரண்டு, இல்லன்னா இருபத்திரண்டு. இருபத்திரண்டு கையில ஒதைக்காது, குறி நல்லா நிக்கும். ஆனா அதுல கொக்கு விழும். ஆளு விழறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேப்பான்."

"அப்ப முப்பத்திரண்டு," என்றார் இவர்.

"சரி. அதுலயும் ரெண்டு தினுசு. முக்கால் கிலோ பிஸ்டல். புடிக்க வாட்டமா இருக்கும், எட்டு ரவுண்டு, அதாவது எட்டு தோட்டா. ஆனா சட்டைக்கு வெளிய சொல்லிடும். சின்ன ரிவால்வர்னா அரைக் கிலோ சொச்சம், ஆறு ரவுண்டு. பாக்கெட்லயே ஒளிஞ்சிக்கும். ஆனா குட்டியா இருக்கறதால கை ஆடும், குறி தப்பும். பெருசு சுடறதுக்கு நல்லது, சின்னது மறைக்கறதுக்கு நல்லது. நீங்க எதுக்கு வாங்கறீங்க?"

இவர் ஜன்னல் வழியே எதிர் வீட்டைப் பார்த்தார்.

"எதை வாங்கினாலும் தெனம் இடுப்புல இருக்கணும் சார். கனக்குதுன்னு பீரோல வச்சிட்டு வந்தா, அது பீரோவுக்குத்தான் காவல்."

தினம் எது இடுப்பில் இருக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறு யாராக இருந்தாலும் அட்டையில் வெட்டிப் பார்த்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் பேட்டர்ன் ஷாப்காரர். சென்னைக் கடை ஒன்றிலிருந்து அளவோடு படம் வரவழைத்து, இரண்டையும் தேக்கில் செய்துவிட்டார். உள்ளே குடைந்து ஈயம் ஊற்றி, தராசில் வைத்து எடையையும் சரி செய்தார். கறுப்பு பாலிஷ் போட்டு ஜன்னல் கட்டையில் காயவைத்திருந்தார். பால் பாக்கெட் எடுக்க வந்தபோது பார்த்தேன். பால் பாக்கெட்டை எடுக்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

எனக்கு வந்தது பாக்கெட் வேலை. சட்டையைத் தளர்த்தித் தைத்தேன். பேண்ட் பாக்கெட்டுக்குக் கெட்டியான டிரில் துணியில் உள்பை வைத்தேன், உருவம் வெளியே தெரியாமலிருக்க. அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று ஜெயராமன் சொல்லியிருந்ததால் சாவி இடது பக்கம் போனது. ஜாக்கெட் சரிபார்ப்பது போல "திரும்புங்க, குனிங்க, கையத் தூக்குங்க" என்று நிறுத்திப் பார்த்தேன். பெரியது ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் விலாவில் இடித்தது, எழுந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டியது. சின்னதும் புடைத்தது. எங்கேயோ உதைக்கிறதே என்று டேப்பை வைத்து அளந்தேன். படத்தில் போட்ட அளவைவிட இரண்டுமே நூலிழை பெரிது.

அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர மாதிரியை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கென்றே அவர்களிடம் தனி ஸ்கேல் உண்டு; அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது கடை ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். முப்பத்தோரு வருஷம் பிடித்த கை தானாக அந்த ஸ்கேலை எடுத்துவிட்டது. வார்க்கவே போகாத துப்பாக்கிக்குச் சுருக்கம் விட்டிருக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வருஷம் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சின்னதை மட்டும் திரும்பச் செய்தார். இந்தத் தடவை அளவு கச்சிதம். பாக்கெட்டில் போட்டால் கைக்குட்டை மாதிரி கிடந்தது. காலையில் குளித்ததும் போட்டுக்கொள்வார், ராத்திரி தலைமாட்டில் வைப்பார். நடக்கும்போது வலது கை ஆடாது. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குப் பின்னால் யாரோ நிற்பதாகவே நானும் நம்ப ஆரம்பித்தேன். சில சமயம் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை வருகிறதே என்று கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு பின்கதவை முழங்காலால் தள்ளினேன். அவர் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை பாக்கெட்டுக்குப் போனதை நான் பார்க்கவில்லை. கை வந்ததைத்தான் பார்த்தேன். என் நெஞ்சுக்கு நேரே கறுப்பாக ஒரு வட்டம். அவர் விரல் மடங்கியது. மரத்தில் விசை கிடையாது, மடங்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் விரல் முழுசாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டது. துணிகள் என் கையிலிருந்து விழுந்தன.

அப்படியே நின்றோம். பிறகு அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"சின்னதுதான் சரி உமா," என்றார். "பெருசுன்னா இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது."

முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். நான் அழவில்லை, சண்டை போடவில்லை. விழுந்த துணியைப் பொறுக்கி மடித்து வைத்தேன். அன்றிலிருந்து வெளியே போய்விட்டு எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் குரல் கொடுப்பேன்: "நான்தான்." கேட்டைத் திறக்கும்போது ஒரு தடவை, வராந்தாவில் ஒரு தடவை, பின்கதவில் ஒரு தடவை. தெருவுக்கே கேட்கும். புதிதாக வந்த பால்காரர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார். சொந்த வீட்டில் நான் யார் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தால் வேறெப்படி நினைப்பார்கள்?

தை மாசம் அவர் ரிட்டயர் ஆனார்; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கேட்டு வாங்கியிருந்தோம். பங்குனியில் கடலூர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். நான் போகவில்லை. நன்றாகச் சொன்னதாக அரசு வக்கீல் பாராட்டினாராம். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கியதாக ஜெயராமன் சொன்னார். அந்த வாரமே லைசன்ஸ் வந்துவிட்டது என்று தபால். திங்கட்கிழமை சென்னைக்குப் போய் அசல் சின்னதை வாங்கி வருவதாக முடிவு. இனி விரல் மடங்கினால் அங்கே ஏதோ இருக்கும். தபால் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டே முக்கால். போன் வரவில்லை. ஜன்னலில் பார்த்தேன். எதிர் வராந்தாவில் வேட்டி இல்லை. அப்பாடா என்று அடுப்பில் எண்ணெய் வைத்தேன். அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் பலாப்பழம் விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு சருகில் காலடி. பின்கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"நான்தான்."

ஆம்பிளைக் குரல். ஆனால் என் வார்த்தை. நான் சொல்லுகிற அதே இழுப்பு.  நான் உள்ளே இருக்கிறேன். அப்படியென்றால் வெளியே நிற்கிற நான் யார்?

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார், சின்னது கையில் வந்திருந்தது. வாசலில் அறுபது வயசு ஆள். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை, வெயிலில் கருகிய முகம். துப்பாக்கியைப் பார்த்தார். நகரவில்லை.

"சுடறதுன்னா சுடுங்க சார். அதுக்கு மின்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்."

"யாருய்யா நீ?" என்று கத்தியது நான்தான்.

"அருணு அப்பங்க. கொளஞ்சிநாதன்." பையைத் தரையில் வைத்தார். "இந்த வூட்டுக்குள்ள வர்றதுன்னா அப்பிடித்தான் சொல்லணும்னு நெனச்சிகினேங்க. அம்மா சொல்றத இத்தினி மாசமா கேட்டுகினுதான இருக்கேன்."

"எதிர் வீட்ல நிக்கறது..."

"நாந்தாங்க. போனும் நாந்தான். சாட்சிகிட்ட பேசினா கேசு ஒடஞ்சி பூடும்னு ஊர்ல சொன்னாங்க. அதான் பேசறதில்ல. சார் அல்லோன்னா உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சிக்குவேன், வச்சிடுவேன். அவனுங்க வெளிய சுத்திகினு இருக்கானுங்க. சாருக்கு ஒண்ணு ஆச்சின்னா எம்புள்ளைக்கு வேற யாரு சாட்சி? சோத்து நேரத்துக்குத்தான அவன முடிச்சானுங்க, அந்த நேரத்துக்கு வந்து பாத்துகினு நிப்பேன்."

என் வீட்டுக்காரரின் கை இறங்கவில்லை. இறக்க மறந்துபோயிருந்தார்.

"இப்பத்தான் சாட்சி முடிஞ்சிட்டுதே, இனிமே பேசலாமுன்னு வந்தேன். கோர்ட்ல எல்லாம் சொன்னீங்க. பைக்கு நெம்பரு, சட்டை கலரு, எல்லாம். எம்புள்ள ஒங்கள பாத்தானா, ஏதாச்சும் சொன்னானான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கலீங்க."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. இவர் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்த மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார், திங்கட்கிழமை சென்னை பஸ் பிடித்திருக்கலாம்.

"திரும்பிப் போகும்போது இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "சாப்பிட வரும்போதே பாத்துட்டேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். அவனுங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னானுங்க. குடிச்சிட்டுக் கிடக்கறான்னு நினைச்சேன்... இல்ல. நினைக்கல. ரத்தத்தப் பாத்தேன். உங்க பையன் என்னைப் பாத்து, 'சார், ஒரு நிமிஷம்'னு கூப்பிட்டான்."

"அப்பறம்?"

"அதுல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே 'சாப்பாட்டுக்கா சார்?'னு கேட்டான். நான் 'ஆமா'ன்னேன்."

"ஆமான்னுட்டு?"

"வந்து சாப்பிட்டேன். திரும்பிப் போகும்போதுதான் அவனுங்க பைக்ல ஏறினானுங்க. உங்க பையனுக்கு உயிர் இல்ல."

பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்று பத்து வரை. இருபத்தைந்து நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் என் அப்பளத்துக்கு. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

கொளஞ்சிநாதன் மெதுவாக வந்தார். என் வீட்டுக்காரர் கையிலிருந்ததை, குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல வாங்கினார். புரட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

"மரங்களா?"

"ஆமா."

"எதுக்குங்க இது?"

"உங்களுக்காகத்தான் செஞ்சேன். யாருன்னு தெரியாம."

கொளஞ்சிநாதன் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுப்பை அணைத்தது அவர்தான். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"ஒரு நிமிசந்தான கேட்டிருக்கான்," என்றார். "சாருன்னு மரியாதையாத்தான் கேட்டிருக்கான்."

போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே காய்ந்தது. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், வாயைத் திறந்து அழுதார். அவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம். தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறினார்; சென்னைக்கு அல்ல, கடலூருக்கு. அரசு வக்கீலிடம் உள்ளதைச் சொன்னார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். மனுப்போட்டு மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இவரைக் கிழி கிழியென்று கிழித்தார். கேஸ் இன்னும் நடக்கிறது. என்ன ஆகும் என்று தெரியாது. லைசன்ஸ் காலாவதியாகட்டும் என்று விட்டுவிட்டார். "கிடைக்காதவன் ஏங்கறான் சார்," என்று கோபித்துக்கொண்டு ஜெயராமன் மூன்று நாள் பேசவில்லை. மரத்தில் செய்தவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டது நான். தேக்கு நன்றாக எரிந்தது. ஈயம் உருகிச் சாம்பலில் உருண்டை உருண்டையாகக் கிடந்தது.

எதிர் வராந்தாவில் இப்போது யாரும் நிற்பதில்லை. போனும் வருவதில்லை. ஆனால் தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு இவர் வெறும் கையோடு கிளம்பிப் போகிறார். அந்தக் காலி குவார்ட்டர்ஸ் சுவரோரமாக நிற்பாராம். சில நாள் கொளஞ்சிநாதனும் வருவாராம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையாம். என்ன செய்கிறீர்கள் அங்கே என்று ஒரு தடவை கேட்டேன். "ஒண்ணும் இல்ல, நிக்கறேன்," என்றார்.

நான் சோறு, குழம்பு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஒன்று பத்துக்குக் கேட் சத்தம் கேட்கும். "நான்தான்" என்று அவர் குரல் வரும். அதற்குப் பிறகுதான் அப்பளத்துக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பேன்.